காதலன் ‘நட்பு’ என்று சொல்லும்போது: பழந்தமிழில் அன்பின் பல பொருள்கள்

திருக்குறளின் 1122-வது குறளை எடுத்துக்கொள்ளுங்கள்.

உடம்பொடு உயிரிடை என்னமற் றன்ன
மடந்தையொடு எம்மிடை நட்பு.

உடம்புக்கும் உயிருக்கும் என்ன உறவோ, அதுதான் இவளுக்கும் எனக்கும் என்கிறான் ஒருவன். அதிகாரத்தின் பெயர் காதற்சிறப்புரைத்தல். பேசுகிறவன் காதலன், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவன் வாயில் வரும் சொல் ‘நட்பு’. இன்றைக்கு ஒரு பையன் வீட்டில் “எங்களுக்குள்ள வெறும் நட்புதான்” என்று சொன்னால், காதல் இல்லை என்று அடித்துச் சொல்கிறான் என்று பொருள். அதே சொல்தான் இங்கே காதலின் உச்சத்தைச் சொல்கிறது.

அன்பைக் குறிக்கும் சொற்கள் பலவும் பழைய பாட்டில் இப்படி இடம் மாறித்தான் உட்கார்ந்திருக்கின்றன. காமம் என்ற சொல்லைத் தலைவியின் தோழி கூச்சமில்லாமல் சொல்கிறாள். காதல் என்ற சொல் பெற்ற பிள்ளை மேலும் வருகிறது, சிவபெருமான் மேலும் வருகிறது. பாசம் என்பதோ அறுத்துக்கொள்ள வேண்டிய கயிறு. இவற்றுக்கு இன்றைய பொருளைப் போட்டுப் படித்தால் பாட்டு தவறாகப் புரியும். தவறாகப் புரிந்தது என்பதும் தெரியாது. தெரியாத சொல் வந்தால் அகராதியைத் தேடுவோம். தெரிந்த சொல் வந்தால் தேட மாட்டோம், அங்கேதான் வழுக்குகிறது.

சங்கப் பாட்டும் குறளும் தேவாரமும் படிக்கத் தொடங்குகிறவர் முதலில் பழக்கிக்கொள்ள வேண்டியது ஒன்று: சொல்லைப் பார்த்ததும் பொருளை முடிவு செய்யாமல், அதை யார், யாரிடம், எந்த நிலையில் சொல்கிறார் என்று கேட்பது. அகப்பாட்டில், அதாவது காதலைப் பாடும் பழைய பாட்டில், அன்பின் பொருளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த மூன்றுதான்.

காமம்: கூச்சப்பட வேண்டாத சொல்

அதிகம் தவறாகப் படிக்கப்படும் சொல் இது. ஆகவே இதில் கொஞ்சம் நின்று போகலாம்.

குறுந்தொகையின் 2-வது பாட்டில் தலைவன் ஒரு தும்பியிடம், அதாவது வண்டிடம், கேட்கிறான்: “காமம் செப்பாது கண்டது மொழிமோ.” இங்கே காமம் என்றால் விருப்பம், அதாவது கேட்பவனுக்குப் பிடித்த பதில். என் மனம் குளிர வேண்டும் என்று சொல்லாதே, நீ பார்த்ததைச் சொல், இவள் கூந்தலைவிட மணமுள்ள பூ உனக்குத் தெரிந்து ஏதாவது உண்டா என்கிறான். இதில் உடல் இச்சையைத் தேடினால் வரியே குழம்பிவிடும்.

மிளைப்பெருங்கந்தன் என்ற புலவரின் இரண்டு பாட்டுகள் அதே நூலில் இருக்கின்றன, 136-ம் 204-ம். இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றுதான்: “காமம் காமம் என்ப காமம் அணங்கும் பிணியும் அன்றே.” காமம் காமம் என்கிறார்கள், அது பேய் பிடித்ததும் இல்லை, நோயும் இல்லை. இந்த இடத்துக்குப் பிறகு இரண்டும் வேறு வேறு திசையில் போகின்றன. 204-ல் பேசுகிறவன் பாங்கன், தலைவனின் நண்பன். மேட்டு நிலத்தில் முளைத்த, இன்னும் முற்றாத இளம்புல்லைக் கிழட்டுப் பசு நாவால் தடவிப் பார்ப்பது போன்றது உன் காமம் என்று இடித்துச் சொல்கிறான். புல் கடிவாய்க்குச் சிக்காது. பசுவுக்குக் கிடைப்பது தடவிய சுகம் மட்டும். “விருந்தே காமம்” என்று முடிக்கிறான். விருந்து என்றால் இங்கே புதுமை. நினைக்க நினைக்கப் புதிதாகத் தோன்றுவது, அவ்வளவுதான் என்பது அவன் கட்சி. 136-ல் பேசுகிறவன் தலைவன். குளகு என்னும் தழையை மென்ற யானைக்கு மதம் உள்ளே இருந்து வெளிப்படுவது போல, பார்க்க வேண்டியவரைப் பார்த்துவிட்டால் காமம் வெளிவரும், அதற்கென்று ஒரு வேளை உண்டு என்கிறான். ஒரே புலவர், ஒரே தொடக்கம், இரண்டு கட்சி. ‘காமத்தைப் பற்றிச் சங்கப் புலவர் கருத்து இது’ என்று இதில் ஒரு பாட்டை மட்டும் எடுத்துக் காட்டுவது பட்டிமன்றத்தில் ஓர் அணியை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வது போல.

குறளிலும் இந்தச் சொல் ஒரே பொருளில் நிற்பதில்லை. “காமம் வெகுளி மயக்கம் இவைமூன்றன் நாமம் கெடக்கெடும் நோய்” என்பது 360-வது குறள். மெய்யுணர்தல் அதிகாரம், துறவியைப் பார்த்துச் சொன்னது. அங்கே காமம் வேரோடு பிடுங்க வேண்டிய மூன்று குற்றங்களில் முதலாவது. “மலரினும் மெல்லிது காமம் சிலர்அதன் செவ்வி தலைப்படு வார்” என்பது 1289. கணவன் மனைவி இருவருக்கும் நடுவே உள்ள நுட்பத்தைச் சொல்வது. அங்கே காமம் பூவைவிட மென்மையானது, அதன் பக்குவம் அறிந்து அடைபவர் சிலரே. வள்ளுவர் முரண்படுகிறார் என்று முடிவுகட்ட வேண்டாம். ஒன்று துறவியின் இடத்திலிருந்து பார்த்தது, மற்றது இல்லறத்தானின் இடத்திலிருந்து பார்த்தது. குறளை எண் பார்க்காமல், அதிகாரம் பார்க்காமல் தனியாகப் பிய்த்தெடுத்தால் இந்தத் தவறு வந்தே தீரும்.

கடைசி 25 அதிகாரங்களுக்குக் காமத்துப்பால் என்று பெயர். இன்றைய பல பதிப்புகளில் இன்பத்துப்பால் என்று இருக்கும். தொல்காப்பியமே “இன்பமும் பொருளும் அறனும்” என்று சொல்வதால் இன்பம் என்பதற்கும் பழைய ஆதாரம் உண்டு. ஆனால் காமம் என்ற சொல் வெட்கத்துக்குரியது என்று நினைத்துப் பெயரை மாற்றினால், உள்ளே 250 குறள்களில் அது வரும்போதெல்லாம் வாசகர் நெளிய வேண்டியிருக்கும். பழைய பெயரைப் பழைய பொருளோடு தெரிந்துகொள்வதே நல்லது.

அந்தப் பாலில் அளவு பற்றிய பேச்சும் உண்டு. ஊடல், புலவி, துனி என்று மூன்று சொற்கள். ஊடல் காதலருக்குள் வரும் பிணக்கு. அதில் புலவி இளம் பிணக்கு, துனி முற்றிய பிணக்கு. 1306-வது குறள் இரண்டையும் பழத்தோடு ஒப்பிடுகிறது: துனி இல்லாத காமம் அளவு கடந்து கனிந்த பழம் மாதிரி, புலவியும் இல்லாத காமம் பிஞ்சு மாதிரி. 1302 இன்னும் நேரானது: புலவி உப்பு மாதிரி, அதைக் கொஞ்சம் அதிகமாக நீளவிட்டால் உப்பு கூடிய கறிதான். சமைக்கிறவர் யாருக்கும் இதற்கு உரை வேண்டியதில்லை.

காதல், நட்பு, நோய்

காதல் என்ற சொல்லுக்கு அடிப்படைப் பொருள் மிகுந்த விருப்பம். யார் மேல், எதன் மேல் என்பதைப் பக்கத்துச் சொல்தான் காட்டும். 440-வது குறளில் “காதல காதல் அறியாமை” என்று வரும். ‘காதல’ என்றால் பிடித்தமான பொருள்கள். அரசன் தனக்கு எது பிடிக்கும் என்பதைப் பிறர் அறியாமல் வைத்துக்கொண்டால் பகைவரின் சூழ்ச்சி பலிக்காது என்பது செய்தி. 507-ல் ‘காதன்மை கந்தா’ என்று வருவது, பிரியம் ஒன்றையே ஆதாரமாக வைத்து அறிவில்லாதவனைப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கும் பிழை. இரண்டிலும் ஆணும் பெண்ணும் கிடையாது. திருஞானசம்பந்தர் “காதலாகிக் கசிந்து கண்ணீர் மல்கி” என்று பாடியது நமச்சிவாய என்ற நாமத்தை ஓதுகிறவரைப் பற்றி.

நட்பைப் பற்றித் தொடக்கத்திலேயே பார்த்தோம். நட்பு, கேண்மை, கேளிர் எல்லாம் உறவு பூண்டு நிற்றலைச் சொல்பவை. அந்த உறவு அரசனுக்கும் புலவனுக்கும் இடையிலும் இருக்கலாம், தலைவிக்கும் தலைவனுக்கும் இடையிலும் இருக்கலாம். 785-வது குறள் சேர்ந்து பழகுவதுகூடத் தேவையில்லை, உணர்ச்சி ஒத்தால் போதும் என்கிறது. குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் அங்கே காட்டும் உதாரணம் கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும்.

நோய் என்ற சொல்லும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அகப்பாட்டில் நோய் வந்தால் காய்ச்சலை நினைக்க வேண்டாம். குறுந்தொகை 58-ல் தலைவன் தன்னை இடித்துரைக்கும் நண்பனிடம் சொல்கிறான்: வெயில் கொளுத்தும் பாறையில் வெண்ணெய் வைத்திருக்கிறது. காவலுக்கு இருப்பவனுக்குக் கை கிடையாது, பேச்சும் கிடையாது. கண்ணால் மட்டும் காக்கிறான். வெண்ணெய் உருகிப் பரவுகிறது. அதுபோலப் பரவிவிட்டது இந்த நோய், தாங்கிக்கொள்ள முடியவில்லை. கை இருந்தால் எடுத்து நிழலில் வைக்கலாம், வாய் இருந்தால் யாரையாவது கூப்பிடலாம். இரண்டும் இல்லாதவனுக்கு மிச்சம் இருப்பது பார்ப்பது மட்டும். ஆண் குரலில் வரும் இந்தப் பாட்டைப் பாடியவர் வெள்ளிவீதியார், ஒரு பெண்.

அன்பும் அருளும்

அன்பு என்ற சொல்லின் எல்லையைக் குறளின் அதிகார வரிசையே காட்டுகிறது. 6 வாழ்க்கைத் துணைநலம், 7 மக்கட்பேறு, 8 அன்புடைமை, 9 விருந்தோம்பல். மனைவி, பிள்ளைகள், அங்கிருந்து அன்பு, பிறகு வாசலில் வந்து நிற்கும் விருந்தாளி. வட்டம் ஒவ்வொரு அதிகாரத்திலும் ஒரு படி விரிகிறது. அருளுடைமை வருவதோ 25-வது அதிகாரத்தில், துறவறவியலின் முதல் அதிகாரமாக.

பரிமேலழகர் இரண்டுக்கும் கொடுக்கும் வேறுபாட்டை மனதில் பதித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். தொடர்பு உடையவரிடம் செல்வது அன்பு. தொடர்பு பற்றாமல் எல்லா உயிர்கள் மேலும் இயல்பாகச் செல்வது அருள். உங்கள் தெருவில் அடிபட்ட நாய்க்குட்டி உங்கள் வீட்டுக் குட்டியாக இருந்தால் வருகிற பதைப்பு அன்பு. எந்த வீட்டுக் குட்டி என்றே தெரியாமல் வருகிற பதைப்பு அருள்.

இரண்டுக்கும் உள்ள உறவை 757-வது குறள் சொல்கிறது: “அருளென்னும் அன்பீன் குழவி பொருளென்னும் செல்வச் செவிலியால் உண்டு.” அன்பு பெற்ற குழந்தை அருள். பெற்றவள் அன்பு என்றாலும் வளர்க்கிற செவிலித்தாய் பொருள். இந்தக் குறள் இருப்பது அறத்துப்பாலில் இல்லை, பொருட்பாலில், பொருள் சம்பாதிப்பதைப் பற்றிய அதிகாரத்தில். இதைப் படிக்கும்போது வடலூர்தான் நினைவுக்கு வருகிறது. வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன் என்று பாடிய வள்ளலார், 1867 மே 23 அன்று அங்கே தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பை மூட்டினார். பயிருக்காக வாடியது அருள். அந்த அடுப்பு நாள்தோறும் எரிய அரிசியும் பருப்பும் விறகும் வந்து சேர வேண்டும், அது செவிலியின் வேலை.

அன்பைப் பற்றிய குறள்களில் ஒன்றையாவது பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். “அன்பிற்கும் உண்டோ அடைக்கும்தாழ் ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்.” தாழ் என்பது கதவின் தாழ்ப்பாள். அன்பை உள்ளே போட்டுத் தாழிட முடியுமா என்று கேட்டுவிட்டு, பதிலாக ஒரு சிறு கண்ணீரைக் காட்டுகிறார். அந்தக் கண்ணீர் என்ன செய்கிறது? பூசல் தருகிறது. பூசல் என்றால் ஊரறியச் செய்யும் ஆரவாரம். சத்தமே இல்லாத ஒன்று ஊரைக் கூட்டிவிடுகிறது. ‘புன்கணீர்’ என்பதைத் ‘துன்பக் கண்ணீர்’ என்று உரையில் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டால் இந்த மோதல் காதில் விழாது.

ஒரு அகப்பாட்டைப் பிரிப்பது எப்படி

எந்த நூலில் தொடங்குவது? குறுந்தொகையில். 4 முதல் 8 அடி வரையுள்ள சுமார் 400 பாட்டுகள். நற்றிணை 9 முதல் 12 அடி, அகநானூறு 13 முதல் 31 அடி. அகநானூற்றில் தொடங்குகிறவர்கள் பலர் பாதியில் விட்டுவிடக் காரணம், எழுவாய் ஓரிடத்தில் இருக்கும், பயனிலை பத்து அடி தள்ளி இருக்கும். நடுவில் ஒரு காடே வளர்ந்து நிற்கும். குறுந்தொகையில் அந்தத் தொல்லை குறைவு. பாட்டின் அடியில் துறைக்குறிப்பு அச்சிட்ட பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். துறைக்குறிப்பு என்பது ‘இன்னார் இன்னாரிடம் இந்தச் சமயத்தில் சொன்னது’ என்ற ஒரு வரி. அது இல்லாத பதிப்பு, பாதி விலைக்குக் கிடைத்தாலும் தொடக்கக்காரருக்கு உதவாது.

முதலில் விளியைத் தேடுங்கள், அதாவது கூப்பிடும் சொல்லை. அது கேட்பவர் யார் என்று சொல்லிவிடும். ‘நாட’, ‘வெற்ப’ என்றால் மலைநாட்டுத் தலைவனைக் கூப்பிடுகிறார்கள். ‘சேர்ப்ப’, ‘துறைவ’, ‘கொண்க’ என்றால் கடற்கரைத் தலைவன். ‘ஊர’ என்றால் வயல் சூழ்ந்த மருத ஊர்க்காரன். ‘தோழி’ என்றால் பெரும்பாலும் தலைவி பேசுகிறாள். ‘நெஞ்சே’ என்றால் தனக்குத்தானே பேச்சு. ‘பாக’, ‘வலவ’ என்றால் தேரோட்டியிடம் தலைவன் பேசுகிறான், வீடு திரும்பும் அவசரம்.

அடுத்தது உரிப்பொருள், அதாவது பாட்டில் நடக்கும் மனநிலை. புணர்தல் குறிஞ்சி, பிரிதல் பாலை, காத்திருத்தல் முல்லை, இரங்கல் நெய்தல், ஊடல் மருதம். பள்ளிக்கூடத்தில் மலையும் மலை சார்ந்த இடமும் என்று மனப்பாடம் செய்தவர்கள் மலையைக் கண்டதும் குறிஞ்சி என்று எழுதிவிடுகிறார்கள். முதல், கரு, உரி என்ற மூன்றில் பிந்தியதே முந்தியதைவிடச் சிறந்தது என்று தொல்காப்பியம் சொல்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். பூ, பறவை, விலங்கு கருப்பொருள். மனநிலைதான் கடைசிச் சொல். “யாயும் ஞாயும் யாரா கியரோ” என்ற 40-வது பாட்டில் மலை கிடையாது, தினைப்புனம் கிடையாது. இருந்தும் அது குறிஞ்சி.

அந்த 40-வது பாட்டைக் கல்யாணப் பத்திரிகையில் பார்க்காதவர் இருக்க மாட்டார். “செம்புலப் பெயல்நீர் போல அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே.” துறைக்குறிப்பைப் பாருங்கள்: இருவரும் கூடிய பிறகு, இவன் விட்டுப் போய்விடுவானோ என்று அஞ்சிய தலைவியின் முகம் மாறியது கண்டு தலைவன் சொன்னது. கல்யாண வாழ்த்தாக நாம் படிக்கிற பாட்டு, அஞ்சி நிற்கும் பெண்ணுக்குச் சொன்ன உறுதிமொழி. அதைத் தெரிந்துகொண்டு படித்தால் முதல் மூன்று அடிகளின் வேலை புரியும். என் தாயும் உன் தாயும் யார் யாரோ, என் தந்தையும் உன் தந்தையும் எந்த வழியில் உறவு, நாம் இருவரும் எப்படி அறிமுகம் ஆனோம் என்று அவள் மனதில் ஓடும் பயத்தையே அவன் வரிசைப்படுத்துகிறான். நம்மைக் கட்டி வைக்கும் சுற்றம் எதுவும் இல்லை என்று ஒப்புக்கொள்கிறான். அதற்குப் பிறகுதான் செம்மண்ணும் மழையும். செம்மண்ணில் விழுந்த மழைநீர் மண்ணின் நிறத்தை வாங்கிக்கொள்ளும். பிறகு மேகத்திலிருந்து வந்த நிறத்துக்கு அது திரும்பாது. இங்கே அவன் பயன்படுத்தும் சொல் அன்பு. முன்பின் தொடர்பே இல்லாதவர்கள் என்று மூன்று அடியில் சொல்லிவிட்டு, தொடர்புடையாருக்கு உரிய அந்தச் சொல்லை அவன் எடுத்து வைக்கிறான்.

இப்போது கபிலரின் 18-வது பாட்டு.

வேரல் வேலி வேர்க்கோட் பலவின்
சாரல் நாட செவ்வியை ஆகுமதி
யாரஃ தறிந்திசி னோரே சாரல்
சிறுகோட்டுப் பெரும்பழம் தூங்கி யாங்கிவள்
உயிர்தவச் சிறிது காமமோ பெரிதே.

விளி ‘சாரல் நாட’. ‘இவள்’ என்று தலைவியைச் சுட்டுவதால் பேசுகிறவள் தோழி. சமயம், இரவில் வந்து சந்தித்துவிட்டுத் திரும்பும் தலைவனைத் தோழி வழிமறித்து, சீக்கிரம் கல்யாணம் செய்துகொள் என்று நெருக்குவது. அதற்கு வரைவு கடாதல் என்று பெயர். செவ்வியை ஆகுமதி என்றால் அதற்கான வேளையை உண்டாக்கிக்கொள் என்று அர்த்தம்.

பாட்டில் பலாப்பழம் இரண்டு இடத்தில் இருக்கிறது. முதலடியில் வேரிலேயே காய்த்த பலா, சுற்றிலும் மூங்கில் வேலி. அந்தப் பழம் தரையில் உட்கார்ந்திருக்கும், விழப் பயமில்லை, காவலும் உண்டு. அது அவன் நாட்டுப் பழம். நான்காம் அடியில் சின்னக் கிளையில் பெரிய பழம் தொங்குகிறது. அது இவள் நிலை. பழம் முற்ற முற்ற எடை கூடும், கிளை தடிக்காது. ‘உயிர் மிகச் சிறிது, காமமோ பெரிது’ என்ற கடைசி அடியில் கிளை உயிர், பழம் காமம். உனக்கு அவசரமில்லை, இவளுக்கு இருக்கிறது என்பதைத் தோழி ஒரு சுடுசொல்லும் இல்லாமல் அவன் நாட்டு மரத்தை வைத்தே சொல்லிவிடுகிறாள். சொல்ல வேண்டியதைக் காட்சிக்குள் வைத்துப் பேசும் இந்த முறையை உள்ளுறை, இறைச்சி என்று இலக்கணம் நுணுக்கமாகப் பிரிக்கும். பத்திருபது பாட்டு படித்த பிறகு அந்தப் பிரிவினைக்குப் போனால் போதும்.

இன்னொரு தவறு, பாட்டைப் புலவரின் சொந்தக் கதையாகப் படிப்பது. கபிலர் இங்கே ஒரு பெண்ணாகப் பேசுகிறார், வெள்ளிவீதியார் ஆணாகப் பேசினார். அகத்தில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. இது எவ்வளவு கண்டிப்பானது என்றால், 188 அடி கொண்ட நெடுநல்வாடை என்ற சங்கப் பாட்டில் பெயர் எதுவும் வரவில்லை, பாசறையில் வேலின் தலையில் வேப்பம்பூ கட்டியிருந்தது என்று மட்டும் வருகிறது. வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. அந்த ஒரு பூவுக்காக அதை அகம் இல்லை, புறம் என்றார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர்.

ஐந்திணைக்கு வெளியே

தொல்காப்பியம் அகத்திணை ஏழு என்கிறது. நடுவில் உள்ள குறிஞ்சி முதலான ஐந்தை “அன்பொடு புணர்ந்த ஐந்திணை” என்று அழைக்கிறது. இருபுறமும் ஒத்த அன்பு இருந்தால்தான் ஐந்திணை. ஒரு பக்கம் மட்டும் என்றால் கைக்கிளை, பொருந்தாதது என்றால் பெருந்திணை. காமம் எல்லா இடத்திலும் இருக்கிறது. ஐந்திணையை ஐந்திணை ஆக்குவது அதோடு சேரும் அன்பு. இரண்டு சொல்லும் ஒன்றுக்கொன்று எதிரி என்ற இன்றைய எண்ணத்துக்கு அங்கே இடமே இல்லை.

எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதற்கு மடல் நல்ல உதாரணம். பனைமட்டையால் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை போட்டுக்கொண்டு, ஊர் நடுவே ஏறி வருவது மடலேறுதல். காமம் காழ்த்தால், அதாவது மரத்தின் வைரம் போல இறுகிவிட்டால், இதையும் செய்வார்கள் என்கிறது குறுந்தொகை 17. ‘மடலேறுவேன்’ என்று தலைவன் சொல்வது மட்டும் ஐந்திணைக்குள் அடங்கும். உண்மையாகவே ஏறிவிட்டால் அது பெருந்திணை. மிரட்டல் வரைக்கும் அன்பு, செயலானால் வரம்பு மீறல். பெண் மடலேறுவதாகச் சொல்வதற்கும் இலக்கணம் இடம் கொடுக்கவில்லை.

அந்தத் தடையைத் தெரிந்தே உடைத்தவர் திருமங்கையாழ்வார். பெரிய திருமடலில் அவர் திருமால் மேல் காதல் கொண்ட பெண்ணாகி மடலேறப் போகிறேன் என்கிறார். பெண்கள் மடலேறக் கூடாது என்ற தமிழ் நெறியைக் கேட்டதுண்டு, ஏற்கவில்லை என்றும் சொல்லிவிடுகிறார். அகத்தின் விதி தெரியாதவருக்கு அந்த இடம் சாதாரண வரி. தெரிந்தவருக்கு அங்கே தூக்கிவாரிப் போடும்.

பக்திப் பாட்டுகளில் அன்பைப் படிக்க அகம் தெரிந்திருக்க வேண்டும் என்பது இதனால்தான். தலைவி, தோழி, தாய், ஊர் பேசும் அலர், பெற்றோரை விட்டுத் தலைவனோடு போகும் உடன்போக்கு எல்லாம் அப்படியே வருகின்றன. தலைவன் இடத்தில் மட்டும் கடவுள். ஆழ்வார் ஏன் சில இடங்களில் பெண்ணாகிப் பேசுகிறார் என்பதற்கு ஆசார்ய ஹ்ருதயம் என்ற வைணவ நூல் தரும் விடை சுருக்கமானது: ஞானத்தில் தம் பேச்சு, பிரேமத்தில் பெண் பேச்சு. ஆண்டாளுக்கு இந்த மாற்றம் வேண்டியிருக்கவில்லை. 143 பாசுரம் கொண்ட நாச்சியார் திருமொழி அவருடைய சொந்தக் குரல்.

திருநாவுக்கரசரின் திருத்தாண்டகம் ஒன்று இதற்கெல்லாம் சிகரம்.

முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள்
மூர்த்தி அவனிருக்கும் வண்ணம் கேட்டாள்
பின்னை அவனுடைய ஆரூர் கேட்டாள்
பெயர்த்தும் அவனுக்கே பிச்சி யானாள்
அன்னையையும் அத்தனையும் அன்றே நீத்தாள்
அகன்றாள் அகலிடத்தார் ஆசா ரத்தை
தன்னை மறந்தாள்தன் நாமம் கெட்டாள்
தலைப்பட்டாள் நங்கை தலைவன் தாளே.

வினைகளை மட்டும் கோத்துப் பாருங்கள். கேட்டாள், கேட்டாள், கேட்டாள், பிச்சியானாள், நீத்தாள், அகன்றாள், மறந்தாள், கெட்டாள், தலைப்பட்டாள். முதல் மூன்றும் வெறும் விசாரிப்பு: பேர் என்ன, ஆள் எப்படி, ஊர் எது. எந்தப் பெண்ணும் எந்தக் காதலனைப் பற்றியும் கேட்கிற வரிசைதான். நான்காவதில் பித்தானாள். பெற்றோரை விட்டது அகத்தில் உடன்போக்கு. ஊரார் ஒழுக்கத்தை விட்டதும் அதோடு சேரும். அதற்கு மேல் அகத்தில் படி கிடையாது. தன்னை மறப்பதும் தன் பெயர் கெடுவதும் இங்கே மட்டும். அவன் நாமத்தைக் கேட்டதில் தொடங்கியது, தன் நாமம் போனதில் முடிகிறது. அகத்தின் விதிப்படி தலைவனைப் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது. இங்கே ஆரூர் என்று ஊரே வருகிறது, பெயரற்றுப் போவது தலைவி.

இதை ‘வெறும் உருவகம், காதல் எல்லாம் மேல்பூச்சு’ என்று ஒதுக்கினால் அந்த மூன்று ‘கேட்டாள்’களின் உயிர் போய்விடும். ‘உள்ளே இருப்பது சாதாரணக் காதல்தான்’ என்று முடித்தால் கடைசி இரண்டு அடிக்கு அர்த்தம் இல்லை. இரண்டையும் ஒரே சமயத்தில் கையில் பிடித்துப் படிக்கப் பழக வேண்டும். பின்னால் பாரதியார் 23 பாட்டுகள் கொண்ட கண்ணன் பாட்டில் கண்ணனைத் தோழன், தாய், தந்தை, சேவகன், சீடன், குழந்தை, காதலன், காதலி என்று முறை மாற்றி மாற்றிப் பாடியதும் இந்த வழியில் வந்ததுதான்.

பாசத்தைச் சொல்ல மறந்துவிடக் கூடாது. சைவ சித்தாந்தத்தில் இறைவனாகிய பதி, உயிராகிய பசு, பாசம் என்று மூன்று. பாசம் என்றால் கயிறு. ஆணவம், கன்மம், மாயை என்று உயிரைக் கட்டிப்போடுபவை. ‘பாசம் அறுத்து’ என்று திருமுறையில் வந்தால் ‘அம்மா பாசம்’ என்பதை அங்கே கொண்டுபோகாதீர்கள். பிணைப்பு என்ற ஒரே கருத்திலிருந்துதான் இரண்டும் வந்தன. கட்டு ஒருவருக்குச் சிறை, இன்னொருவருக்கு ஆதரவு.

இனி ஒரு பாட்டை நீங்களே பிரித்துப் பாருங்கள். குறுந்தொகை 3, தேவகுலத்தார் பாடியது.

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரள வின்றே சாரல்
கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே.

இதில் விளி இல்லை, ஆகவே துறைக்குறிப்புதான் கை கொடுக்கும். தோழி தலைவனைக் குறை சொல்கிறாள். வேலிக்கு வெளியே அவன் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். தலைவி அவனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள், அவன் வந்து மணம் பேச வேண்டும் என்பதும் உள்ளே இருக்கிறது. அகலத்துக்கு நிலம், உயரத்துக்கு வானம், ஆழத்துக்கு நீர் என்று மூன்று அளவுகோலை எடுத்து மூன்றும் போதாது என்கிறாள். பிறகு அளவு மாறுகிறது: கரிய கிளையில் சின்னச் சின்னக் குறிஞ்சிப் பூ, அதிலிருந்து தேனீ கொஞ்சம் கொஞ்சமாக இழைத்த பெருந்தேன். காமம் என்று சொல்லியிருக்கலாம், அன்பு என்று சொல்லியிருக்கலாம், காதல் என்றும் சொல்லியிருக்கலாம். தோழியும் கேட்க, வேலிக்கு அப்பால் அவனும் கேட்க, அவள் எடுத்த சொல் நட்பு.